வயிற்றுக்குள் விளக்கு: எண்டோஸ்கோப்பிக்கு எப்போது, எங்கே போவது

மீன் முள் தொண்டையில் சிக்கினால் தூத்துக்குடியின் முத்துக்குளித்துறைக் கரையில் முதலில் கைக்கு வருவது ஒரு சோற்று உருண்டை. மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். இறங்காவிட்டால் வாழைப்பழம், அதற்கும் அசையாவிட்டால் இன்னொரு உருண்டை. சாளை முள் போல மெல்லியதாக இருந்தால் பல நேரம் இதிலேயே இறங்கியும் விடுகிறது. வழக்கம் தலைமுறை தாண்டி நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் முள்ளுவாளை முள்ளோ, பாறை, விளமீன் போன்றவற்றின் தடித்த எலும்போ மாட்டியிருந்தால், அந்த உருண்டையே அதை உணவுக்குழாயின் சுவருக்குள் குத்தி இறக்கிவிடும். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்புறம், உடலின் பெருந்தமனியை ஒட்டியபடி இறங்குகிறது. அதன் சுவரில் ஓட்டை விழுந்தால் எச்சிலும் கிருமியும் நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். அரிதாக, முள் தமனியையே துளைத்துவிடுவதும் உண்டு.

முள் சிக்கியதும் சாப்பிடுவதை நிறுத்திவிட வேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் மருத்துவரின் வேலையும் எளிது. சிக்கும் முட்களில் பெரும்பாலானவை டான்சில் பக்கத்திலோ நாக்கின் அடிப்பகுதியிலோ குத்தி நிற்பவை. அவற்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து, இடுக்கியால் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். குரல்வளைக்குக் கீழே குத்துகிறது, நெஞ்சு வலிக்கிறது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிகிறது என்றால் அது வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியின் வேலை. கூர்மையான பொருள் உணவுக்குழாயில் நின்றுவிட்டால் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்டாலும் வலி தொடர்ந்தால் திரும்பிப் போக வேண்டும். பல மீன் முட்கள் எக்ஸ்ரேயில் விழுவதில்லை, சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். குழந்தை விழுங்கியது பொம்மையிலோ கடிகாரத்திலோ இருக்கும் வட்ட பேட்டரி என்றால் அவகாசம் இன்னும் குறைவு. உணவுக்குழாயில் தங்கிய பேட்டரி 2 மணி நேரத்திலேயே சதையைப் பொசுக்கத் தொடங்கிவிடும்.

இந்தக் கரையில் உள்ள மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடி மாநகரின் வடக்கு விளிம்பை ஒட்டிய ஊர். சுற்றிலும் உப்பளம், கிழக்கே கடல், வடக்கே தருவைகுளம். மருத்துவ வசதி என்று பார்த்தால் இங்குள்ளவர்கள் தூரத்தில் கிடப்பவர்கள் இல்லை. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊர்வழக்கில் ‘ஹைகிரவுண்டு’. சுமார் 140 கிலோமீட்டரில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. திருநெல்வேலியிலும் மதுரையிலும் மத்திய அரசுத் திட்டத்தில் கட்டிய உயர் சிறப்பு சிகிச்சைக் கட்டடங்கள் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டன. ஆக, இங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சாலையின் நீளம் அல்ல. வண்டி ஏறுவதற்கு முன் வீட்டிலும் மருந்துக்கடையிலும் கழிகிற நாட்கள்தான். இந்த அத்தியாயம் அந்த நாட்களைப் பற்றியது.

காஸ் என்ற பெயரில் வருபவை

தொப்புளுக்கு மேலே எந்த வலி வந்தாலும் இங்கே அதற்குப் பெயர் காஸ். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வெறும் காஸ்தான். ஒரு கோலி சோடா குடிங்க, ஏப்பம் வந்தாச் சரியாயிரும்” என்று அக்கறையோடு சொல்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. சொல்வது அன்பினால்தான். ஆனால் இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் தடைபடும் மாரடைப்பு, நெஞ்சு வலியே இல்லாமல் மேல்வயிற்று வலியாக மட்டும் வெளிப்படக்கூடும். வாந்தியும் ஏப்பமும்கூடச் சேர்ந்தே வரும். சர்க்கரை நோயாளிக்கு வலி மந்தமாகவே இருக்கும். எனவே 40 வயதைக் கடந்த ஒருவருக்குத் திடீரென்று மேல்வயிறு அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் குடல் மருத்துவரைத் தேடும் முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை அது.

இதயக் கோளாறு இல்லை என்று தெளிவான பிறகு, இந்தக் கரையில் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி வலி மாத்திரை பற்றியது. இருட்டோடு உப்புப் பாத்தியில் இறங்கி வாருகோல் இழுப்பவருக்கும், மீன் கூடை சுமப்பவருக்கும், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவருக்கும் இடுப்பும் முட்டியும் கடுக்காத நாள் இல்லை. கடையில் கேட்டதும் கிடைக்கிற டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். வலியை உண்டாக்கும் வேதிப்பொருளைத் தடுக்கும்போதே, இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வேதிப்பொருளையும் அவை தடுத்துவிடுகின்றன. காப்பு போன இடத்தில் புண் விழுகிறது. கொடுமை என்னவென்றால், அந்தப் புண் வலிப்பதையும் அதே மாத்திரை அடக்கிவைக்கும். பலருக்கு முதல் அறிகுறியே ரத்தப்போக்காக வருகிறது. பாராசிட்டமாலுக்கு இந்தக் குணம் இல்லை. அளவோடு எடுத்தால் இரைப்பைக்குப் பாதுகாப்பானது. தினசரி வலி மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்ற நிலையில் இருப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால், அமிலம் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்துத் தர வழி இருக்கிறது.

குடற்புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஒரு கிருமி. காரம், கவலை, பட்டினி என்றே நெடுங்காலம் பேசப்பட்ட நோய்க்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் கண்டறிந்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் நோயாளிக்குக் கிடைத்த பலன் பெரியது. வருடக்கணக்கில் புளிச்ச ஏப்பத்தோடு வாழ்ந்தவருக்கு 14 நாள் கூட்டு மருந்தில் புண் ஆறுகிறது. அந்த 14 நாளையும் முழுதாக முடிக்க வேண்டும். ஐந்தாம் நாள் சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

எல்லா நெஞ்செரிச்சலுக்கும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 30 வயதில், எடை குறையாமல், சாப்பிட்டுப் படுத்தால் மட்டும் எரிகிறது என்பவருக்குச் சில வார மாத்திரையும் இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பதும் போதும். தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் வேறு. விழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் நிற்பது, காரணம் தெரியாமல் உடல் மெலிவது, தொடர் வாந்தி, ரத்தசோகை, 50 வயதைத் தாண்டி முதன்முறையாக வந்த அஜீரணம், குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருப்பது. முதலில் சோறு, பிறகு இட்லி, பிறகு கஞ்சிகூட இறங்கவில்லை என்று படிப்படியாகக் கெட்டியானது நின்றுபோவது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் நடை. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், பீடி, மது பழக்கம் உள்ளவர்கள் இதில் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கறுப்பாகப் போனால்

இரைப்பையில் கசியும் ரத்தம் அமிலத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். அதனால்தான் மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு போகும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் தலைச்சுற்றலும் இருக்காது. சந்தேகம் இருந்தால் நாடித் துடிப்பும் ஹீமோகுளோபினும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரத்த வாந்தி வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகாது. தண்ணீர், சோடா, இளநீர் எதுவும் கொடுக்கக் கூடாது. சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். மீன்பிடிக்கப் போன இடத்தில் இது நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554. தருவைகுளத்துப் படகுகள் போல நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகுகளில் இந்த எண் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் முதல் வேலை எண்டோஸ்கோப்பி அல்ல என்பதை உறவினர்கள் புரிந்துகொண்டால் பல சண்டைகள் குறையும். ‘வந்து ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் குழாய் விடல’ என்ற கோபம் இயல்பானது. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கிக் கிடப்பவருக்கு உள்ளே குழாய் விடுவதே ஆபத்து. டிரிப்ஸ், தேவைப்பட்டால் ரத்தம், ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி எல்லாம் ஏற்றி உடம்பைத் தேற்றிய பிறகு, குடற்புண் என்றால் 24 மணி நேரத்துக்குள்ளும், கல்லீரல் நோயால் வீங்கிய நரம்பு வெடித்திருந்தால் 12 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோப்பி செய்வது முறை. புண்ணில் கசியும் நாளத்துக்கு அட்ரினலின் ஊசி போட்டு, ஒரு சிறு உலோகக் கிளிப்பால் கவ்வி நிறுத்துவார்கள், அல்லது சூட்டால் அடைப்பார்கள். வயிற்றைக் கிழித்து அறுவை சிகிச்சை செய்வது ஒன்றே வழியாக இருந்த நோய், இன்று பெரும்பாலும் ஒரு குழாயோடு முடிந்துவிடுகிறது.

வீங்கிய நரம்பின் கதை வேறு. பல வருட மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி கிருமியாலோ, கொழுப்பாலோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டால், குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் பக்கவழி தேடும். உணவுக்குழாயின் அடியில் உள்ள மெல்லிய சிரைகள் அந்தச் சுமையைத் தாங்காமல் புடைத்து ஒருநாள் வெடிக்கும். அவற்றைக் குழாய் வழியே உறிஞ்சி இழுத்து ரப்பர் வளையம் மாட்டிக் கட்டுவதுதான் ‘பேண்டிங்’. 1980-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் வந்த முறை. ஒரு முறை கட்டினால் முடிந்துவிடாது என்பதே நோயாளிகள் அதிகம் தவறவிடும் செய்தி. எல்லா நரம்பும் மறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து கட்டிக்கொள்ள வேண்டும். முதல் கட்டுக்குப் பின் ரத்தம் நின்றதும் கடலுக்குப் போய்விட்டு, அடுத்த வெடிப்போடு திரும்பி வருபவர்களைப் பற்றிக் குடல் மருத்துவர்கள் மனம் வருந்திப் பேசுவதுண்டு.

மஞ்சள் என்பது ஒரு நோய் அல்ல

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடியும் சுற்றுப்புறமும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. இப்படிச் சாக்கடையும் குடிநீரும் கலக்கும் வெள்ளத்துக்குப் பின் மஞ்சள் காமாலை வருமா என்று முதல் வாரத்தில் பார்த்துப் பயனில்லை. ஹெபடைடிஸ் ஏ, இ கிருமிகள் உடலுக்குள் போய் நோயாக வெளிவர இரண்டிலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். 1955-56-இல் டெல்லியில் யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் கழிவுநீர் புகுந்ததில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அந்தக் கிருமிக்கு அப்போது பெயர்கூட இல்லை. அது ஹெபடைடிஸ் இ என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆன பிறகும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த வகைக் காமாலை பெரும்பாலானோருக்குத் தானாகவே குணமாகும். எந்த வேரைக் கொடுத்தாலும் அது ‘கேட்கும்’. கை மணிக்கட்டில் சூடு போடுவதும், கண்ணில் சாறு பிழிவதும் பலித்ததாகத் தோன்றுவது அதனால்தான். கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கிய 37 பேருக்கு அதைக் கொடுத்து, 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு ஆதாரம் இல்லை. பத்தியம் என்று மீன், முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் வைப்பதற்கும் ஆதாரம் இல்லை. பசிக்கேற்பச் சாப்பிடலாம். நிறுத்த வேண்டியது மதுவையும் தேவையற்ற மாத்திரைகளையும்தான்.

காமாலையோடு பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்பினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வரும் ஹெபடைடிஸ் இ, நூறு பெண்களில் இருபது பேரின் உயிரைக்கூடப் பறித்திருக்கிறது. ‘மஞ்சக்காமாலைதானே’ என்று சொல்லக் கூடாத இடம் அது. இன்னொன்று, எலி பேஸ்ட். அதில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாள் வாந்தியைக் கொடுத்துவிட்டு, ஓரிரு நாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கவிட்டு, பிறகு கல்லீரலைத் தாக்கும். குழந்தை தெரியாமல் வாயில் வைத்திருந்தால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பொருள் வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது வகைக் காமாலை அடைப்பால் வருவது. பித்தம் குடலுக்குள் வராததால் மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகும், சிறுநீர் கட்டன்சாயா நிறமாகும், உடம்பெல்லாம் அரிக்கும். காரணம் பித்தநாளக் கல்லாகவோ கட்டியாகவோ இருக்கலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் அடைபட்ட பித்தத்தில் சீழ் பிடித்திருக்கிறது. காலை வரை பொறுக்கக் கூடாது. இங்குதான் இ.ஆர்.சி.பி. என்ற சிகிச்சை வருகிறது. வாய் வழியே போகும் குழாயால் சிறுகுடலில் பித்தநாளம் திறக்கும் சிறு வாயைக் கண்டுபிடித்து, அதை விரித்து, கல்லைக் கூடை போன்ற கம்பியாலோ பலூனாலோ இழுத்துக் குடலில் விடுவார்கள். 1968-இல் சாயம் செலுத்திப் படம் பிடிக்கத் தொடங்கிய முறை, 1974-இல் நாளத்தின் வாயை வெட்டி விரிக்கக் கற்றபின் சிகிச்சையாக மாறியது.

இதில் எப்போதும் ஒரு குழப்பம். இ.ஆர்.சி.பி. நாளத்தில் இறங்கிவிட்ட கல்லைத்தான் எடுக்கும். பித்தப்பையில் மிச்சம் கிடக்கும் கற்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையே எடுக்க வேண்டும், முடிந்தால் அதே சேர்க்கையில் அல்லது சில வாரங்களுக்குள். ‘எண்டோஸ்கோப்பியிலேயே கல்லெல்லாம் எடுத்தாச்சு’ என்று வீட்டுக்குப் போனவர் மறுபடி அதே வலியோடு வருவது இந்தக் குழப்பத்தால்தான். மறுபுறம், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, வலியே தராத பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. இ.ஆர்.சி.பி. செய்தவர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரக்கூடும். அதனால், வெறும் சோதனைக்காக மட்டும் அதைச் செய்யும் காலம் போய்விட்டது. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் போதும். ‘டாக்டர், முதல்ல எம்.ஆர்.சி.பி. பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாமா?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

சுருங்கிய கல்லீரலோடு வாழ்வது

உப்பு விளையும் ஊரில் உப்பைக் குறைக்கச் சொல்வது கடினம்தான். ஆனாலும் வயிற்றில் நீர் கோத்த மகோதர நோயாளிக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி, சமையலில் சேர்வதையும் சேர்த்து எல்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் இந்தக் கணக்கை ஒரே வேளையில் தாண்டிவிடும். பச்சை மீன் நல்லது. புரதத்தைக் குறைக்கவே கூடாது. தசை கரைந்தவர்களைத்தான் கல்லீரல் நோய் வேகமாகச் சாய்க்கிறது. படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிட்டுப் படுப்பது நல்லது. வயிற்று நீரோடு காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் அந்த நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது கல்லீரல் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பரிசோதித்து மருந்து தர, 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. சி கிருமிக்கு 12 வார மாத்திரையில் பெரும்பாலானோருக்கு முழுக் குணம் கிடைக்கிறது. பி கிருமியை அடக்கி வைக்கலாம். வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்கள் சோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. கல்லீரல் மாற்றுக்கான கட்டம் வந்தால் சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் அது செய்யப்படுகிறது. அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்பது கடைசி மூச்சில் இருக்கக் கூடாது. முதல் முறை நீர் கோத்தபோதோ முதல் முறை ரத்தம் வந்தபோதோ கேட்க வேண்டிய கேள்வி அது.

குழாய் விடும் நாள்

கண்ணாடி இழைகளின் கட்டு வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் லண்டனில் காட்டிய இருவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. மூன்று ஆண்டுகளில் அந்த இழைகளைக் கொண்டு பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கி, முதலில் தன் தொண்டைக்குள்ளேயே இறக்கிப் பார்த்தார். இன்றைய குழாய் சுண்டுவிரல் தடிமன். சுமார் 9 மி.மீ.; நுனியில் கேமராவும் விளக்கும். தமிழ்நாட்டில் இந்தத் துறை தனியாக வளர்ந்ததில் சென்னை அரசு பொது மருத்துவமனையின் பங்கு பெரிது. இந்தியாவில் குடல் அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறையை அங்கே நிறுவிய என். ரங்கபாஷ்யம் 2002-இல் பத்மபூஷண் பெற்றார். சோதனைக்கு ஆகும் நேரம் ஐந்து முதல் பத்து நிமிடம்.

சோதனைக்கு முந்தைய ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பாடு கூடாது. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை சில மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அன்று காலை எப்படி என்பதை முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்து மயங்குவது தவிர்க்கக்கூடிய ஒன்று. குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைத் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைப் பீய்ச்சுவார்கள், இடது பக்கமாகப் படுக்க வைப்பார்கள், பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைப்பார்கள். குமட்டல் வரும், மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் அடங்கும். மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு, மூச்சு அடைக்காது. இரைப்பையின் உட்சுவருக்குக் கிள்ளும் வலி தெரியாது என்பதால் திசு எடுப்பது வலிக்காது. ‘சதை எடுத்தா கேன்சர் பரவிரும்’ என்ற பயத்துக்கும் இடமில்லை. தூக்க ஊசி போட்டுக்கொண்டவர் அன்று பைக் ஓட்டக் கூடாது. கூட ஒருவர் வர வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய குழாயைக் கழுவி, கிருமிநாசினியில் உரிய நேரம் ஊறவைத்துத்தான் அடுத்தவருக்குப் பயன்படுத்துவார்கள். அது முறையாக நடக்கிறதா என்று கேட்பது நோயாளியின் உரிமை. வீட்டுக்கு வந்தபின் கடும் நெஞ்சுவலி, வயிறு கல்லாக இறுகுவது, காய்ச்சல், கறுப்பு மலம் இருந்தால் உடனே திரும்ப வேண்டும்.

பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு ஆயத்தம்தான் பாதிச் சிகிச்சை. முந்தைய நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை, கத்தரிக்காய் வேண்டாம். இட்லி, மோர்ச்சோறு, பிறகு வடிகட்டிய சூப், இளநீர். பேதிப்பொடிக் கரைசலை முந்தைய மாலை பாதி, சோதனை நாள் அதிகாலை பாதி என்று பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியில் போவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். மலத்தில் ரத்தம் என்றால் மூலம்தான் என்று முடிவுகட்டி, ‘மூலம் பௌத்திரம்’ பலகை மாட்டிய இடத்தில் வருடக்கணக்கில் களிம்பு வாங்கியவர்களில் சிலருக்குப் பின்னால் இருந்தது பெருங்குடல் கட்டி. 45 வயதுக்கு மேல் மலத்தில் ரத்தம் கண்டாலோ, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறினாலோ ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். புற்றாக மாறக்கூடிய சிறு பாலிப்பை அதே மேஜையில் கண்ணி போட்டு அறுத்து எடுத்துவிட முடியும்.

பணம், தாள், பருவம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் அட்டை பெறலாம். நோய் வந்தபின் ஓடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது மேல். தனியார் மருத்துவமனையில் சேரும் முன், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு, தனக்குச் செய்யப்போகும் அந்தச் சிகிச்சை அங்கே திட்டத்தில் வருமா என்றும் காப்பீட்டு மேஜையில் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. எந்த இடத்துக்குப் போவது என்று தெரியாதவர் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

எண்டோஸ்கோப்பி அறிக்கை, அதன் படங்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே கோப்பில், தேதி வரிசையில் இருந்தால் தூத்துக்குடியில் பார்த்ததை ஹைகிரவுண்டில் மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியதில்லை. திசு எடுத்திருந்தால் அதன் முடிவு பல நாள் கழித்தே வரும். வலி நின்றதும் அந்தத் தாளை வாங்கப் போகாமல் விட்டுவிடுபவர்கள் நிறைய. மருத்துவர் கிருமியையும் புற்றையும் தேடியது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலை நிற்கும். பித்தப்பை அறுவை சிகிச்சை, அறிகுறி இல்லாத ஒருவரின் மறுசோதனைக் கொலோனோஸ்கோப்பி, கொழுப்புக் கல்லீரலுக்கான ஃபைப்ரோஸ்கேன் போன்ற அவசரமில்லாதவற்றை இந்த ஓய்வு மாதங்களுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். கூலியும் போகாது, துணைக்கு வர ஆளும் கிடைக்கும். பேண்டிங் தவணை, பித்தநாளத்தில் வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்டை எடுக்கும் தேதி இரண்டையும் மட்டும் தடைக்காலத்துக்கோ மழைக்கோ தள்ளக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் மூன்று மாதத்தில் அடைபடத் தொடங்கும். அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியிலும் படகு உரிமையாளரிடமும் குறித்து வைத்துவிடுவது நல்லது.